நெய் இல்லாத விருந்து

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்திற்கு, ஏழாம் வகுப்பில் பயிலும் மகளின் தோழி ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவுக்கு வருகிறாள் எனக் கொள்வோம். அத்தோழியின் வீட்டார் இறைச்சி, முட்டை ஆகியவற்றை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் உண்பதில்லை. "நம் வீட்டில் சைவச் சமையல்தானே? இதில் என்ன தொல்லை?" என்கிறார் தாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை உணவை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார். பருப்பின்மேல் நெய், இரசம் தாளிப்பது நெய்யில், அவியலில் தயிர், பாயசத்தில் பால், முடிவில் மோர். எஞ்சி நிற்பவை பொரியலும் அப்பளமும் ஊறுகாயுமே!

விலங்குகளிடமிருந்து பெறும் எப்பொருளையும் விலக்கும் இவ்வுணவுமுறையைத் தமிழில் நனிசைவம் என்பர். 'நனி' என்பது மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல். சால, உறு, தவ என்பனவும் அப்பொருள் தருவனவே. ஆங்கிலத்தில் வழங்கும் 'வீகன்' என்னும் சொல் 1944 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர்களும் சங்கம் ஒன்றை நிறுவியபோது தோன்றியது. 'வெஜிடேரியன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் சேர்த்து அச்சொல்லை அமைத்தனர்.

இம்முறையை மேற்கொள்வோர்க்குக் காரணங்கள் பல. பசு கன்று ஈன்ற பின்னரே பால் சுரக்கிறது. கன்றுக்குரியதை மனிதர் எடுத்துக்கொள்வது தகாது என்பது பலருடைய கருத்து. வேறு சிலர் உடல்நிலை கருதிப் பாலை விலக்குகின்றனர். பாலில் உள்ள இலாக்டோசு என்னும் சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் நொதி அவர்கள் உடலில் குறைவாகச் சுரக்கும். இன்னும் சிலருக்குப் பாலிலுள்ள புரதமே ஒவ்வாது. அத்தகையோர் சிறிதளவு பால் உட்கொண்டாலும் மூச்சுத்திணறல் வரை துன்பப்பட நேரிடலாம். எனவே, "ஒரு கரண்டி நெய்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று மறைத்துச் சமைப்பது பெரும்பிழை. நம்பி உண்ண வந்தவரை ஏமாற்றுவதாகவும் அது முடியும்.

தில்லி போன்ற நகரங்களில் மற்றொரு குழப்பமும் நேர்வதுண்டு. சமண நெறியினர் பலர் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குவர். பாலும் நெய்யும் உண்பர். நனிசைவருக்கோ வெங்காயம் தடையன்று, நெய்யே தடை. ஆகவே, வருபவர் எவற்றை உண்பதில்லை என்று முன்னரே கேட்டறிவது நலம். அவ்வாறு கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.

இதில் உண்மையான தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. "விருந்தாளிக்கு நெய் ஊற்றாமல் சோறு போடுவதா?" என்று அவ்வீட்டுப் பாட்டி கேட்கக்கூடும். அக்கேள்வியை எளிதில் தள்ள இயலாது. தமிழர் வீடுகளில் நெய் வெறும் உணவுப்பொருள் அன்று. வந்தவரை மதிக்கிறோம் என்பதற்கு அடையாளம். அதை நீக்கினால் விருந்து குறைபட்டதாகத் தோன்றுவது இயல்பே.

நெய்யை நம்பி நிற்கும் பண்டங்களை நெய்யின்றிச் சமைக்க முயல்வதால்தான் பெரும்பாலும் இக்குறை நேர்கிறது. நெய்யில்லாத வெண்பொங்கல் சுவைப்பதில்லை. மைசூர்பாகைப் பற்றிப் பேசவே வேண்டா. மாறாக, தொடக்கம் முதலே பாலும் நெய்யும் வேண்டாத உணவுகள் தமிழர் சமையலில் நிறைய உள்ளன. இட்லி, இடியாப்பம், புளியோதரை, எள்ளுச் சோறு, வத்தக்குழம்பு, தேங்காய் சேர்த்த கூட்டு, சுண்டல், பூரணக் கொழுக்கட்டை என எத்தனையோ! இரசத்தை எண்ணெயில் தாளித்தால் போதும். அவியலுக்குத் தயிரின் புளிப்புக்குப் பதில் மாங்காய்த் துண்டுகள் பொருந்தும். மாங்காய் கிடைக்காத பருவத்தில், வட இந்தியக் கடைகளில் 'ஆம்சூர்' என்னும் பெயரில் விற்கும் மாங்காய்ப் பொடி சிறிது சேர்க்கலாம்.

பாயசத்திற்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. அறுவருக்கு ஒரு கோப்பை பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்துக் குழைய வேகவைக்க வேண்டும். பெரிய தேங்காய் ஒன்றைத் துருவி, அரைக் கோப்பை வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதற்பால் கிடைக்கும். சக்கையை மீண்டும் இரண்டு கோப்பை நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். ஒன்றரைக் கோப்பை வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, இரண்டாம் பாலுடன் பருப்பில் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்த பின்னரே முதற்பாலைக் கலக்க வேண்டும். கொதிக்கும்போதே ஊற்றினால் பால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். முந்திரியையும் தேங்காய்ப் பல்லையும் தேங்காயெண்ணெயில் வறுத்துச் சேர்க்கலாம். தில்லிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து நெய்யைப் போலவே காட்சியளிக்கும். புட்டியை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் உருகும்.

மோருக்கு வேர்க்கடலை உதவும். 200 கிராம் வேர்க்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்துத் தோல் நீக்கி, நீர் விட்டு அரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்ற வேண்டும். இங்கே வீட்டுத் தயிரை ஒரு கரண்டி விட்டால் நோக்கமே கெட்டுவிடும். அதற்குப் பதிலாகப் பச்சை மிளகாய்க் காம்புகளை எட்டு அல்லது பத்து இட்டு மூடிவைக்கலாம். காம்பில் இயல்பாக உள்ள நுண்ணுயிரிகள் பாலைப் புளிக்கச் செய்யும். கோடையில் ஓரிரவில் உறையும்; சனவரி மாதத்தில் கம்பளி சுற்றி வைத்தாலும் உறையாமல் போவதுண்டு. பசுந்தயிரின் சுவையை இதில் எதிர்பார்க்கலாகாது. கடலை மணம் இருக்கவே செய்யும். நீர் விட்டுக் கடைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் நல்ல மோராகும்.

கடையில் வாங்கும் பொருள்களில் கவனம் தேவை. பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் சைவ உணவைக் குறிக்கும். ஆனால் அதில் பால் இருக்கலாம். பிசுக்கோத்து, ரொட்டி ஆகியவற்றில் பால்பொடி சேர்ப்பதுண்டு. நனிசைவ உணவுக்கெனத் தனிச் சின்னம் ஒன்றை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. அச்சின்னம் இல்லாத பொதியில் உட்பொருள் பட்டியலைப் படித்தறிய வேண்டும். இம்முறையை நாள்தோறும் மேற்கொள்வோர் பி12 உயிர்ச்சத்தைச் செறிவூட்டிய உணவாலோ மருத்துவர் தரும் மாத்திரையாலோ பெற்றாக வேண்டும். ஒருநாள் விருந்துக்கு வருபவர்க்கு அக்கவலை சமைப்பவருடையதன்று.

இனிப் பாட்டியின் கேள்வி எஞ்சுகிறது. அதற்கு விடை அவருடைய அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. சூடான சோற்றில் பருப்புப் பொடியிட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து உண்பது தமிழர் வீடுகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். ஆகவே ஞாயிறன்று பாட்டியின் கையில் இரண்டு கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் நெய், மற்றொன்றில் நல்லெண்ணெய், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கரண்டி. தோழியின் இலையில் இரண்டாம் கிண்ணத்திலிருந்து தாராளமாக ஊற்றிய பின்னரே மற்றவர்க்கு நெய் வரும்.