எஞ்சினுக்கு ஒரு பீங்கான் கவசம்



கொதிக்கும் தேநீரை அலுமினியக் குவளையில் ஊற்றி உதட்டிலே வைத்தால் சுட்டுவிடும். அதே தேநீரைப் பீங்கான் கோப்பையில் அருந்தும்போது அவ்வளவாகச் சுடுவதில்லை. அலுமினியம் வெப்பத்தை விரைந்து கடத்துவது. பீங்கான் கடத்தத் தயங்குவது. இந்தச் சிறு வேற்றுமை, சேற்றிலும் மணலிலும் ஓடும் பந்தய மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள்ளே பெரும்பணி ஆற்றுகின்றது. அது எவ்வாறு என்பதை இன்று விளக்க விரும்புகின்றேன்.

1924ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கேம்பர்லி என்னுமிடத்தில், கரடுமுரடான வெளிநிலத்திலே மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று நடைபெற்றது. இன்று மோட்டோகுறொஸ் எனப்படும் விளையாட்டு அத்தகைய பந்தயங்களிலிருந்தே வளர்ந்தது. இப்பந்தய வண்டி படும் பாடு பெரிது. எஞ்சின் முழுவலுவுடன் உழைக்கும். ஆனால் சேற்றில் வண்டி மெதுவாகச் செல்வதால் குளிர்விக்கும் காற்றுக் குறைவு. ரேடியேற்றரையோ குளிர்ச்சித் தகடுகளையோ சேறு மூடிக்கொள்ளும்.

எஞ்சினுள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் தாண்டும். தூய அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அவ்வாறாயின் அலுமினியக் கலப்புலோகத்தாலான பிஸ்டன் உருகாதிருப்பது எப்படி? அந்த உச்ச வெப்பம் நிலைப்பது கணநேரமே. பிஸ்டன் ஏற்ற வெப்பமும் அதன் வளையங்கள் வழியாகச் சிலிண்டரின் சுவருக்கும், அங்கிருந்து காற்றுக்கோ நீருக்கோ சென்றுவிடுகின்றது. இவ்வோட்டம் தடைப்பட்டால் பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். சிலவேளை அதன் தலையிலே துளையும் விழும். விரைந்து செல்கையில் எஞ்சின் இறுகிப் பின்சக்கரமும் நின்றுவிடுமானால், ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் பீங்கான் இனத்துப் பூச்சுகள் உதவிக்கு வருகின்றன. அவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வன அல்ல என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

முதலாவது, சிலிண்டரின் உட்சுவர்ப் பூச்சு. முன்னர் அலுமினியச் சிலிண்டருக்குள்ளே வார்ப்பிரும்பு உறை ஒன்றைப் பொருத்தினர். இரும்பு தேய்வைத் தாங்கும், ஆனால் பாரமானது, வெப்பத்தைக் கடத்துவதிலும் அலுமினியத்துக்குப் பிந்தியது. 1967இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம் நிக்கசில் என்ற பூச்சை அறிமுகஞ் செய்தது. சிலிக்கன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளின் நுண்துகள்களை நிக்கலோடு சேர்த்து மின்முலாமாகப் படியச் செய்வதே அது. சுழல் எஞ்சினுக்கென முதலில் அமைந்த இம்முறை பின்னர் மோட்டார் சைக்கிள்களுக்கும் பரவியது. இப்பூச்சின் தொழில் வெப்பத்தைத் தடுப்பதன்று, தேய்வைத் தடுப்பதே. மிக மெல்லியதாகையால் வெப்பம் அதனூடே எளிதிற் சென்றுவிடும். ஆயின் ஒன்று: இரும்பு உறையைப் போல இதனைக் கடைந்து பெரிதாக்கிப் பயன்படுத்த இயலாது. தேய்ந்தால் பழைய முலாமை நீக்கிப் புதிதாகப் பூசவேண்டும்.

இரண்டாவது, பிஸ்டனின் தலைப்பூச்சு. இதற்குச் சேர்க்கோனியம் ஒட்சைட்டு பயன்படும். இது உருகுவதற்கு ஏறக்குறைய 2700 பாகை வெப்பம் வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதிலோ அலுமினியத்திலும் பன்மடங்கு மந்தமானது. தூய நிலையில் வெப்பம் ஏறியிறங்கும்போது பளிங்கமைப்பு மாறி வெடிக்கும் இயல்புடையதாகையால், இத்திரியம் ஒட்சைட்டைச் சிறிதளவு சேர்ப்பர். 1960களில் பறந்த அமெரிக்க எக்ஸ்-15 ஆய்வு விமானத்தின் ரொக்கெற் எஞ்சினிலும் சேர்க்கோனியப் பூச்சு இடம்பெற்றது. பிஸ்டனின் தலையில் இது வெப்பத்தின் ஒரு பகுதியை உள்ளே புகவிடாது காக்கின்றது. புகைபோக்கிக் குழாயிற் பூசினால் வெப்பம் குழாயினுள்ளேயே செல்லும். ஓட்டுபவரின் காலுக்குச் சூடு குறையும்.

ஆனால் தலைக்கு நன்மை தருவது எங்கும் நன்மை தராது. வெப்பத்தைத் தடுக்கும் இதே பூச்சைக் குளிர்ச்சித் தகடுகளின்மேற் பூசினால், வெளியேற வேண்டிய வெப்பத்தை நாமே சிறைப்படுத்தியவர்களாவோம். மேலும், அலுமினியம் விரிவது போலச் சேர்க்கோனியம் ஒட்சைட்டு விரிவதில்லை. ஏறத்தாழ அதிற் பாதியளவே விரியும். ஆகவே இரண்டுக்கும் நடுவே உலோகக் கலவையால் ஓர் இணைப்புப் படையை இடுவர். துப்புரவின்றிப் பூசிய பூச்சு உரிந்துவிடும். உரிந்த துகள் சிலிண்டருக்குள் அகப்பட்டு அரத்தைப் போல் அராவும். பூச்சின் தடிப்பினால் பிஸ்டனுக்கும் மேல்மூடிக்கும் உள்ள இடைவெளி குறைவதையும் அளந்து பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பூச்சு ஒரு மருந்தன்று என்பதே. பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவை, போதாத எண்ணெய், கிழிந்த காற்று வடிகட்டி, கழுவாது விட்ட சேறு ஆகிய இவற்றுள் எதனையும் பீங்கான் மன்னிக்காது. முதலில் இக்குறைகளை நீக்குக. அதன்பின்னரே பூச்சைப் பற்றி எண்ணுக. கவசம் வீரனைக் காக்கும்; நோயாளியை வீரனாக்காது.