தொலைபேசியில் ஏறும் பிரஷர்

"டொக்டர், பின்தலையிடி விடுதில்லை. இரவிலை நித்திரையும் இல்லை. ஒருக்கா பிரஷரைப் பாருங்கோ."

வந்தவருக்கு நாற்பத்திரண்டு வயது. அளந்தேன். 162/100. ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு மீண்டும் அளந்தேன். 154/96. அந்த நேரம் பார்த்து அவருடைய கைத்தொலைபேசி அதிர்ந்தது. யாரென்று பார்த்துவிட்டு அழைப்பை எடுக்காமலே பைக்குள் வைத்தார். ஆனால் முகம் மாறிவிட்டது. மூன்றாம் தடவை அளந்தபோது 168!

"ஆர் தம்பி அது?"

"ஒரு வாடிக்கையாளர் டொக்டர். காலமையிலை இருந்து இது ஏழாவது தரம். எடுத்தால் ஏச்சு. எடுக்காட்டில் அதைவிட ஏச்சு."

அவர் ஒரு வீட்டுக்கடன் தரகர். வீடு வாங்க விரும்புவோருக்கும் வங்கிகளுக்கும் இடையில் நின்று கடன் ஒழுங்கு செய்பவர். வேலை வில் நகரில். அழைப்புகளோ சூரிச், வின்ரத்தூர், சென்காலன் என்று எல்லாப் பக்கமும் இருந்து. அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன். ஏனெனில் இது அவருடைய பிரச்சினை மட்டுமல்ல. காப்புறுதி முகவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், சீட்டுப் பிடிப்பவர்கள், வைத்திய நிலைய வரவேற்பில் இருக்கும் நம் பிள்ளைகள் என்று பலரும் இதே தலையிடியோடு வருகிறார்கள்.

ஏன் இந்தக் கோபம்?

நோய்க்குக் காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. எனவே அவரிடமே கேட்டேன். ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

9 இலட்சம் பிராங்கில் ஒரு வீடு. சொந்தப் பணமாக 20 வீதம், அதாவது 180,000 பிராங் வேண்டும். அதில் பாதி ஓய்வூதிய நிதியிலிருந்து எடுக்காத பணமாக இருக்கவேண்டும் என்பது 2012 முதல் உள்ள விதி. மிகுதி 720,000 பிராங் கடன். இன்றைய வட்டி ஒன்றரை வீதம் என்று வைத்தாலும் மாதம் 900 பிராங்தான் வருகிறது. ஆனால் வங்கி அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. நாளை வட்டி ஏறினாலும் தாங்குவீர்களா என்று பார்க்க, பெரும்பாலான வங்கிகள் 5 வீதம் அல்லது அதற்குக் கிட்டிய ஒரு கற்பனை வட்டியைப் போடுகின்றன. 5 வீதத்தில் ஆண்டுக்கு 36,000. வீட்டுப் பராமரிப்புக்கு 9,000. கடனை 15 ஆண்டுகளில் வீட்டுப் பெறுமதியின் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க ஆண்டுக்கு 8,000. மொத்தம் 53,000. இது குடும்ப வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் ஆண்டு வருமானம் 159,000 பிராங் வேண்டும்.

கணவன் உணவகச் சமையலறையிலும் மனைவி துப்புரவு வேலையிலும் உழைக்கும் குடும்பத்துக்கு இது எட்டுமா? அவர்கள் கேட்பது இதுதான்: "மாதம் 2,200 பிராங் வாடகை இருபது வருசமாகப் பிந்தாமல் கட்டுறன். 900 பிராங் வட்டி கட்டமாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதில் தரகரின் கையில் இல்லை. வங்கியோடு கோபிக்க மொழி வராது. தமிழ் தெரிந்த தரகரோடு கோபிக்கலாம்!

வீடு வாங்கியவர்களும் அழைக்கிறார்கள். சுவிஸ் தேசிய வங்கியின் வட்டி 2022 யூன் வரை பூச்சியத்துக்குக் கீழே 0.75 வீதமாக இருந்தது. 2023 யூனில் 1.75 வீதமாக ஏறியது. மாறும் வட்டியில் 720,000 கடன் வைத்திருந்தவருக்கு ஒரு வீதம் ஏறினாலே மாதம் 600 பிராங் கூடுதல் செலவு. "நீங்கள்தானே இதை எடுக்கச் சொன்னனீங்கள்" என்ற அழைப்புகள் அந்தக் காலத்தில்தான் பெருகின என்றார். 2025 யூனில் தேசிய வங்கி வட்டியை மீண்டும் பூச்சியத்துக்கு இறக்கியது. ஆனால் அன்று வாங்கிய ஏச்சு உடம்பை விட்டு இறங்கவில்லை.

இதற்கு மேலே ஒன்றும் இருக்கிறது. என் தகப்பனார் 1990 யூனில் வலிகாமம் வடக்கில் தான் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று வெளிக்கிட்டார். பிறகு அந்த வீட்டை அவர் காணவே இல்லை. நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு இந்தக் கதை! வீட்டை இழந்து வந்தவருக்கு வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அல்ல. "உங்களுக்குத் தரமுடியாது" என்ற சொல், பழைய காயத்தில் போய்ப் படுகிறது. தொலைபேசியில் வெடிப்பது சில வேளைகளில் முப்பது வருடத்துக் கோபம்.

உடம்பில் நடப்பது என்ன?

ஒருவர் நம்மைப் பார்த்துச் சத்தமிட்டால் மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கோட்டிசோல் போன்ற ஓமோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தத்தில் சீனி கூடுகிறது. தசைகள் இறுகுகின்றன. ஓடுவதற்கோ சண்டை பிடிப்பதற்கோ உடம்பு தயாராகிவிட்டது. ஆனால் நாமோ கதிரையில் இருந்தபடி, "ஓம் அண்ணை, விளங்குது அண்ணை" என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏறியது இறங்க முன்னர் அடுத்த அழைப்பு வருகிறது.

உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே இனிமையாகப் பேசுவதும் ஓர் உழைப்புத்தான். அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1983 இல் வெளியிட்ட நூலில் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார். அவர் ஆராய்ந்தவர்கள் இரு தொழிலினர்: சிரித்தே ஆகவேண்டிய விமானப் பணிப்பெண்களும், கடுமையாகப் பேசியே ஆகவேண்டிய கடன் அறவிடுவோரும். தோட்டத்தில் மண் கொத்தியவரின் களைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. இந்தக் களைப்புத் தெரிவதில்லை. அதனால் வீட்டிலும் "இருந்துகொண்டு கதைக்கிற வேலைதானே" என்கிறார்கள்.

தென்னாசியர்களாகிய நமக்கு நீரிழிவும் இதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. அதிக உடற்பருமன் இல்லாமலும் வருகின்றன. இந்த உடம்போடு மன அழுத்தமும், நித்திரைக் குறைவும், அழைப்புகளுக்கு இடையில் கடிக்கும் ரோல்ஸும், சீனி போட்ட தேநீரும், இரவில் 'ரென்ஷனுக்கு' எடுக்கும் இரண்டு கிளாஸும் சேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

'தம்பி' என்ற சொல்

என் நோயாளி ஒரு விடயம் சொன்னார். சுவிஸ் வாடிக்கையாளர்களும் கோபிப்பார்கள். ஆனால் அவர்கள் அலுவலக நேரத்தில் அழைப்பார்கள், முடிந்ததும் வைத்துவிடுவார்கள். நம்மவர்களோ, "தம்பி, உங்கட கொப்பரை எனக்கு ஊரிலையே தெரியும்" என்று தொடங்குவார்கள். அந்த ஒரு வார்த்தையோடு அவர் தரகர் அல்ல, கடமைப்பட்ட உறவினர். இரவு பத்து மணிக்கும் எடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்தும் பதில் சொல்லவேண்டும்.

உறவுமுறை சொல்லிப் பேசுவது நம் பண்பாட்டின் அழகு. அதைக் கைவிடச் சொல்லவில்லை. அண்ணை என்றே கூப்பிடுங்கள். ஆனால் அண்ணனுக்கும் நேரம் உண்டு என்பதைச் சொல்லப் பழகுங்கள்.

நான் விட்ட பிழை

உபதேசம் செய்ய முன்னர் என் கதையையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒருவர் அன்றே நேரம் தரவேண்டும் என்று எமது உதவியாளப் பிள்ளையைத் தொலைபேசியில் அழவைத்துவிட்டார். நான் ஒலிவாங்கியைப் பறித்துத் தமிழில் அவரை நன்றாக ஏசினேன். அவர் வைத்துவிட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நோயாளிக்கு ஊசி போடும்போது என் கை நடுங்கியது. இரண்டு நாள் கழித்து அவர் மனைவியோடு வந்தார். நான் ஏசிய அன்று காலையில்தான் அவருக்கு வேலை போயிருந்தது. ஒரு நிமிடம் கேட்டிருந்தால் அறிந்திருப்பேன்.

எப்படிச் சமாளிக்கலாம்?

1. கோபத்தில் பேசுபவரை முதல் ஒன்றிரண்டு நிமிடம் இடைமறிக்காதீர்கள். மறித்தால் அவர் முதலில் இருந்து தொடங்குவார். பிறகு அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லுங்கள்: "வங்கி மறுத்தது உங்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஏன் எண்டும் விளங்கேல்லை. சரியோ?" கேட்கப்பட்டேன் என்று தெரிந்தால் பாதிக் கோபம் இறங்கும்.

2. உங்கள் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்லுங்கள். "வட்டியை நான் தீர்மானிக்கேலாது. வேறை இரண்டு வங்கியிட்டைக் கேட்கலாம். வெள்ளிக்கிழமை பதில் சொல்லுவன்." சொன்ன நாளில் பதில் இல்லாவிட்டாலும், இல்லை என்பதைச் சொல்ல அழையுங்கள். திரும்பத் திரும்ப அழைப்பவர் பெரும்பாலும் பதில் தெரியாமல் தவிப்பவர்.

3. தூசண வார்த்தைக்கு எல்லை வையுங்கள். "அண்ணை, உதவிசெய்ய விருப்பம். இப்பிடிக் கதைச்சால் ஏலாது. இப்ப வைக்கிறன், நாளைக்கு ஒன்பதுக்கு நானே எடுக்கிறன்." ஒரு தடவை எச்சரித்தபின் வைப்பது மரியாதைக் குறைவு அல்ல.

4. "சம்பளச் சீட்டைக் கொஞ்சம் மாத்தித் தாரும்" என்று நெருக்குபவருக்கு விளக்கம் வேண்டாம். "அது போலி ஆவணம். இரண்டு பேருக்கும் வழக்கு வரும். செய்யமாட்டன்" என்று ஒரே பதில். தயங்கினால் நெருக்கல் கூடும். உங்கள் நித்திரையும் போகும்.

5. மிரட்டல் வந்தால் நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் உடனே எழுதிவையுங்கள். மிரட்டுவது சுவிஸ் சட்டப்படி குற்றம். ஆளை அறிந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும். உடனடி ஆபத்து என்றால் 117. ஆனால் மற்றவரின் சம்மதம் இல்லாமல் உரையாடலை ஒலிப்பதிவு செய்யாதீர்கள். இங்கு அதுவும் குற்றம்.

6. கடினமான அழைப்பு முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் செய்தால் போதும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுங்கள்.

7. வேலைக்கு ஓர் இலக்கம், வீட்டுக்கு ஓர் இலக்கம். மாலை ஏழு மணிக்குப் பின் வேலைத் தொலைபேசி அலுமாரிக்குள். நீங்கள் ஊழியர் என்றால், உடல் நலத்தோடு உள நலத்தையும் பாதுகாக்கும் கடமை சுவிஸ் தொழிற்சட்டப்படி வேலை கொள்வோருக்கு உண்டு. பேசத் தயங்காதீர்கள்.

"இனி இருந்தென்ன" என்று சொன்னால்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். என் நோயாளியின் நித்திரையைக் கெடுத்தது ஏச்சு அல்ல. ஒருநாள் ஒருவர் கத்தாமல், மெல்லிய குரலில், "சரி தம்பி. இனி நான் இருந்தென்ன, விட்டென்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இவர் விடிய விடிய விழித்திருந்தார். பெரிதாகப் பேசுபவர் செய்யமாட்டார் என்பது தவறான நம்பிக்கை. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பதும் தவறு. நேராகவே கேளுங்கள்: "அண்ணை, சாகிற எண்ணம் வருதோ?" கேட்பதால் ஆபத்துக் கூடுவதில்லை. பலருக்கு ஆறுதலாக இருக்கும்.

அந்த நேரம் கடனைப் பற்றிப் பேசாதீர்கள். அருகில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் 144. மனம்விட்டுப் பேச 143 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. 1957 இல் சூரிச்சில் தொடங்கிய சேவை அது. பெயர் சொல்லத் தேவையில்லை. ஜேர்மன் மொழி தடையாக இருந்தால் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். என் நோயாளி மறுநாள் காலையில் அவரை அழைத்து இந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் அழுதார். அன்றே மனைவி வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

நீங்கள் அழைப்பவராக இருந்தால்

நாமும் பல நேரங்களில் அந்த 'கடினமான அழைப்பாளர்' தான். அழைக்க முன்னர் கேள்விகளைக் கடதாசியில் எழுதுங்கள். விளங்காததை எழுத்தில் கேளுங்கள். இரவில் அழைக்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் செய்தியைக் கொண்டுவருபவரே தவிர, வட்டியைத் தீர்மானிப்பவர் அல்ல. கடன் கழுத்தை நெரித்தால், இன்னொரு கடன் எடுத்து அடைக்காமல் கடன் ஆலோசனை பெறுங்கள். எமது பகுதியில் சென்காலன்–அப்பென்செல் கறித்தாஸ் இதைச் செய்கிறது. கடிதங்களைத் திறக்காமல் இழுப்பறையில் போடுவதுதான் மிக மோசமான வைத்தியம்.

எப்போது வைத்தியரிடம் செல்லவேண்டும்?

வீட்டில் அளக்கும் பிரஷர் பல நாட்களாக 135/85 இற்கு மேல் இருந்தால். மூன்று கிழமைக்கு மேல் நித்திரை குழம்பினால். தொலைபேசி ஒலித்தாலே நெஞ்சு படபடத்தால். வீட்டில் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தால். மதுவின் அளவு கூடினால். நெஞ்சை அழுத்தும் வலி வந்து ஓய்வெடுத்தும் போகாவிட்டால் தரகரும் வேண்டாம், வைத்தியரின் நேரமும் வேண்டாம். உடனே 144.

அந்தத் தம்பி மூன்று மாதம் கழித்து வந்தார். 136/84. காலையில் ஒரு குளிசை தொடர்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வில் நகரக் குளத்தைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கிறார், தொலைபேசி இல்லாமல். "அந்தாள் இப்பவும் எடுக்கிறவர் டொக்டர்," என்றார். "ஆனால் இப்ப ஒன்பது மணிக்கு, நான் சொன்ன நாளிலை."

வாசகர்களே, இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் தொலைபேசியில் வேலை செய்பவர் ஒருவர் இருந்தால், சாப்பிட உட்காரும்போது, "இண்டைக்கு ஆர் ஏசினது?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.