சிசுவின் செவியும் மூளை வளர்ச்சியும்



செங்கோட்டை, தென்காசிப் பகுதித் தாய்மாரிடம், “பிள்ளைக்குப் பேச்சு தானாய் வரும் என்று காத்திராதேயுங்கள்” என்றே நாங்கள் சொல்லிவருகிறோம். மொழிக்கான மூளைப் பாதைகள் முதல் சில வருடங்களிலேயே அமைகின்றன. ஒலி எட்டாவிட்டால் அவை சரிவர வளருவதில்லை. ஆகவே 1 மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் குறை நிர்ணயம், 6 மாதத்திற்குள் சிகிச்சை என்பதே மருத்துவ முறை.

உறங்கும் சிசுவின் காதில் மெல்லிய ஒலியைச் செலுத்தி, உட்செவி தரும் எதிரொலியைக் கருவி பதிவு செய்யும். கடும் மஞ்சள் காமாலை கண்ட சிசுவுக்கு இதுமட்டும் போதாது. உட்செவி நலமாயிருந்தும் செவிநரம்பு பழுதாகியிருக்கலாம். நரம்புப் பரிசோதனையும் வேண்டும். நடை, பேச்சு வளர்ச்சியையும் தொடர்ந்து கவனிக்கவேண்டும்.

பாளையங்கோட்டையில் காதுகேளாப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய மிஷனெரி ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் நாளில் இக்கருவிகள் இல்லை. இன்று உண்டு. இப்பணியை உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குங்கள்.