மானியத்தை நம்பிச் சரக்கு எடுக்கலாமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட பாவனைக்கும் திறந்துவிடப்பட்ட பின்னர், மின்சார ஸ்கூட்டர் வியாபாரம் பற்றி என்னிடம் விசாரிப்போர் அதிகரித்துள்ளனர். “அரசாங்கம் மானியம் தருமா?” என்பதே அவர்களின் முதல் கேள்வி. தந்தால் எப்போது நிறுத்தும் என்பதையும் வியாபாரி கேட்க வேண்டும் என்பது எனது கருத்து. இந்தியாவின் அனுபவம் இதற்கு நல்ல பாடமாகும்.

அங்கு 10,000 கோடி ரூபா ஒதுக்கீட்டில் ‘ஃபேம்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரலில் ஆரம்பமானது. மானியப் பணம் வாங்குபவரின் கைக்கு வரவில்லை. கம்பனி விலையைக் குறைத்து விற்றுவிட்டு, பின்னர் அரசிடம் அத்தொகையைக் கோர வேண்டியிருந்தது.

2021 ஜூனில் இருசக்கர வாகனங்களுக்கான மானியம் பற்றரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாவாக உயர்ந்தது. உச்சவரம்பு தொழிற்சாலை விலையில் 40 வீதம். 2023 ஜூன் 1 முதல் அது 10,000 ரூபாவாகவும், உச்சவரம்பு 15 வீதமாகவும் குறைக்கப்பட்டன.

ஓர் உதாரணம்: தொழிற்சாலை விலை 1,20,000 இந்திய ரூபா, பற்றரி 3 கிலோவாட் மணி என்று வைத்துக்கொள்வோம். முன்னர் கிடைத்த மானியம் 45,000 ரூபா. பின்னர் 18,000 ரூபா மட்டுமே. ஒரே இரவில் 27,000 ரூபா வித்தியாசம்! மே மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டிய விற்பனை, ஜூனில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. கடனுக்குச் சரக்கு நிரப்பிய கடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் நடந்தது. மானியத்துக்கான விலை வரம்பைத் தாண்டாமலிருக்க, சார்ஜரைத் தனியாக விலை போட்டு விற்ற கம்பனிகள், அப்பணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. மானியம் ஓர் அமானிதம். அதில் தந்திரம் செய்தால் பணத்தோடு பெயரும் போகும்.

ஜேர்மனியோ 2023 டிசம்பர் 16இல் மின்சாரக் கார் மானியத்தை நிறுத்துவதாக அறிவித்து, மறுநாளுடன் விண்ணப்பங்களை முடித்துக்கொண்டது.

எனவே முதலீட்டுக்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள்:

1. சலுகை இல்லாத விலையிலும் இப்பொருள் விலைபோகுமா?
2. மானியப் பணம் வந்து சேரும்வரை யாருடைய முதல் முடங்கும்?
3. சலுகை முடியும் திகதியில் கையில் எவ்வளவு சரக்கு இருக்கும்?

முதற் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் மாத்திரம் இறங்குங்கள். மானியத்தை மேலதிக இலாபமாகக் கணக்கிடுங்கள், முதலாகக் கணக்கிடாதீர்கள். அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.