சூடேறினால் தடுமாறும் ஆம்ப்ளிஃபயர்

எரியோட்டில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நீங்களே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்ததாக வைத்துக்கொள்வோம். காலையில் பாட்டு தெளிவாகக் கேட்டது. சித்திரை வெயில் ஏறிய பிற்பகலிலோ, அலுமினிய வெப்பத் தகட்டில் கை வைக்க முடியவில்லை! பழுது எங்கே?

வெளியீட்டுப் பகுதியின் டிரான்சிஸ்டர்களுள் ஒன்று ஒலியலையின் மேல் பாதியையும், மற்றது கீழ்ப் பாதியையும் சுமக்கின்றது. ஒன்று விட்டு மற்றொன்று பிடிக்கும் இடத்தில் ஒலி கரகரக்காதிருக்க, பாட்டு இல்லாதபோதும் இரண்டிலும் சிறு மின்னோட்டம் ஓடவேண்டும். அதற்காகக் கொடுக்கும் மின்னழுத்தமே பயாஸ்.

சிலிக்கன் டிரான்சிஸ்டரைத் திறக்க ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும். வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் இத்தேவை சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. 20 டிகிரிக்கு 40 மில்லிவோல்ட். அற்பம் என்று எண்ணாதீர்கள்! எமிட்டர் தடை இல்லாவிட்டால், மின்னோட்டம் நான்கு மடங்குக்கு மேல் ஆக இதுவே போதும். மின்னோட்டம் கூடச் சூடு கூடும். சூடு கூட மின்னோட்டம் மேலும் கூடும். 2என்3055 போன்ற தடித்த டிரான்சிஸ்டரும் இதற்குத் தப்பாது.

பரிகாரம் எளிது. பயாஸ் தரும் சிறு டிரான்சிஸ்டரை மின்சுற்று அட்டையில் தனியே நிறுத்தாமல், மைக்காத் தகடு வைத்து வெப்பத் தகட்டோடு திருகி விடுங்கள். பெரியவற்றோடு அதுவும் சூடேறும். பயாஸைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சோதிக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 230 வோல்ட் இணைப்பில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். (விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.) பல்பு மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மின்னோட்டம் அறியக் கம்பியை வெட்ட வேண்டாம். 0.33 ஓம் எமிட்டர் தடையின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 10 மில்லிவோல்ட் காட்டினால் 30 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அரைமணிக்குப் பின் மறுபடி அளவுகள் பாருங்கள்.

அளவு மெல்ல ஏறினால் சூடே காரணம். அட்டையைத் தட்டும்போது துள்ளினால், ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பையோ தேய்ந்த பிரிசெட்டையோ தேடுங்கள். பாட்டில்லாதபோதே தகடு கொதித்து, பிரிசெட்டுக்கும் அடங்காவிட்டால், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் சுற்று தானே அலைகிறதோ என்று சந்தேகிக்கலாம். வெளியீட்டில் 10 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக உள்ளனவா எனப் பாருங்கள்.

பிரிசெட்டைப் பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே வையுங்கள். அதன் நகரும் முனை தொடர்பறுந்தால் பயாஸ் குறையும். ஒலி கரகரக்கும், அவ்வளவே. கலெக்டர் பக்கம் வைத்து அது அறுந்தாலோ, பயாஸ் முழுதும் ஏறி வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்துபோகும்.