கோலாப்பூரி செருப்பு: தோல் கையால் பதனிடப்படுவது எப்படி?

ஆணிகளின்றித் தோல் இழைகளாலேயே தைக்கப்படும் கோலாப்பூரி செருப்புக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் தலா 4 மாவட்டங்களில் தயாராகும் செருப்புகளுக்கே அப்பெயர் உரியது. தாவரப் பொருள்களைக் கொண்டு தோலைப் பதனிடும் முறையே இச்செருப்பின் உறுதிக்கு அடிப்படையாகும்.

உப்பிடப்பட்ட தோல் முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவப்படுகிறது. பின்னர் சில நாள்கள் சுண்ணாம்பு நீரில் இடப்படுகிறது. ரோமம் தளர்ந்ததும் அதையும், உட்புறம் ஒட்டியுள்ள சதையையும் தொழிலாளர்கள் கத்தியால் சுரண்டி நீக்குகின்றனர். சுண்ணாம்பு போகக் கழுவிய தோல், கருவேலம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் மூழ்கவைக்கப்படுகிறது. அடுத்ததாக, தோலைப் பை போலத் தைத்துத் தொங்கவிட்டு, அதனுள் பட்டைச் சாற்றை ஊற்றுகின்றனர். சாறு தோலின் வழியே கசியும்போது, அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்துடன் பிணைகிறது. அதன்பின் தோல் அழுகுவதில்லை.

இப்பணி முடியப் பல வாரங்கள் ஆகும். குரோமிய உப்புகளைப் பயன்படுத்தும் ஆலைகளில் பதனிடும் கட்டம் ஓரிரு நாள்களில் நிறைவடைகிறது. இதனால் கைமுறைத் தொழில் சுருங்கி வருகிறது. புவிசார் குறியீடு செருப்பின் பெயருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால், பதனிடும் தொழிலாளர்கள் குறைவதை அதனால் மட்டும் தடுக்க இயலாது.