ஊரடங்கில் நாங்கள் போன சுற்றுலா

வங்கியில் இருந்தபோது எல்.எஃப்.சி. என்று ஒரு சலுகை உண்டு. குடும்பத்தோடு ஊர் சுற்றிவர வங்கியே பயணச் செலவு கொடுக்கும். அதை வைத்து சிம்லா பார்த்தோம், டார்ஜிலிங் பார்த்தோம், அந்தமான்கூடப் போய்வந்தோம். ஆனால் மங்கலத்தில் எங்கள் சொந்தத் தோட்டத்துக் கிழக்கு வேலியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தடவைகூட நடந்து பார்த்ததில்லை. 2020 ஊரடங்கு வந்துதான் அதைப் பார்க்க வைத்தது.

மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு அறிவிப்பு வந்தது. நாடு முழுக்க 21 நாள் என்றார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மூடியாச்சு. டவுனில் குடியிருந்த மகனும் மருமகளும் இரண்டு பிள்ளைகளோடு தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பேரனுக்கு 10 வயசு, பேத்திக்கு 7. முதல் இரண்டு நாள் செல்போனில் ஓடியது. மூன்றாம் நாள் பேத்தி வந்து நின்றாள்.

“அப்பாரு, எங்காச்சும் கூட்டிட்டுப் போங்கொ.”

எங்கே போவது? ரோட்டுக்குப் போனால் போலீஸ். என் மனைவிதான் வழி சொன்னார்: “நாளைக்கு வேலி பாக்கப் போலாஞ்சாமி. அப்பத்தா கட்டுச்சோறு கட்டித் தர்றேன்.”

வேலி சுற்றுலா

மறுநாள் காலையில் வாழை இலையில் கட்டின புளிச்சோறும், ஒரு செம்பு தண்ணியுமாகக் கிளம்பினோம். எங்களுடையது பழைய கிளுவை வேலி. என் அப்பா காலத்தில் போத்து வெட்டி நட்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்பி வேலி போடலாம் என்று இரண்டு வருசம் முன்னால் நானே விலை விசாரித்து வைத்திருந்தேன். நல்லவேளை, பணம் தோதுப்படவில்லை.

400 மீட்டர் நடக்க இரண்டரை மணி நேரம் ஆனது. வேலியில் கோவை படர்ந்திருந்தது. முடக்கத்தான், பிரண்டை, குன்றிமணி எல்லாம் இருந்தன. குன்றிமணி விசம், வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓர் இடத்தில் கவுதாரி விர்ரென்று எழுந்து பறந்தது. புல்லுக்குள் பார்த்தால் முட்டைகள். தொடாமல் எட்டி நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம். பேத்தி ஒரு நோட்டில் பேர் எழுத ஆரம்பித்தாள். அன்றைக்கு 23 செடி கொடிகள். ஜூன் முடியும்போது 61 ஆகியிருந்தது.

அந்த வேலியில் அடைகிற தவிட்டுக்குருவிக் கூட்டம் காலையில் நேராகக் கத்திரிக்காட்டில் இறங்கிப் புழு பொறுக்குவதைப் பேரன்தான் கண்டுபிடித்தான். பூச்சி மேலாண்மை என்று எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன். என் வேலியும் என் கத்திரியும் இப்படிக் கூட்டாளிகள் என்று ஒரு பையன் சொல்லித்தான் தெரிந்தது. அத்தோடு கம்பி வேலி யோசனையை விட்டேன்.

பூசணிப்பூ

சித்திரை பிறந்ததும் நுங்கு வந்தது. தின்றபின் கூந்தலில் இரண்டு சக்கரம் வெட்டி, கவைக்குச்சி கோத்து வண்டி செய்து கொடுத்தேன். வாய்க்கால் வரப்பு முழுக்க நுங்கு வண்டி ஓட்டம்தான். காசு கொடுத்து வாங்கின பொம்மை எதற்கும் அத்தனை மவுசு இருந்ததில்லை.

எங்கள் தோட்டத்தை ஒட்டி லைன் வீடுகள் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்து பனியன் வேலைக்கு வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். வேலையும் இல்லை, ஊருக்குப் போக ரயிலும் இல்லை. சந்தைக்குப் போக முடியாமல் எங்கள் காய்கறி கொடியில் முற்றிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் ஒரு கூடை கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு எட்ட நின்று பேசிவிட்டு வருவோம். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பயணம்தான்.

ஒரு நாள் அதில் ஒரு தம்பி, பூசணிக் கொடியைக் காட்டி, “பூ வேணும்” என்று அரைத்தமிழில் கேட்டான். நமக்குப் பூசணிப்பூ மார்கழியில் சாணி உருண்டையில் குத்தி வாசலில் வைக்க. அவர்கள் ஊரில் மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்கிறார்கள். ஆண் பூக்களில் பாதிக்கு மேல் விட்டுவிட்டு மீதியைப் பறித்துக் கொடுத்தோம். காய்ப்பு குறையவில்லை. மறுநாள் எங்கள் வீட்டிலும் பூசணிப்பூ பஜ்ஜி. மே மாதம் சிறப்பு ரயில் விட்டபோது அவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் போனார்கள். நாங்கள் வீட்டோடு இருந்து சந்தோசப்பட்ட அதே நாட்களில், அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போகக் காத்துக் கிடந்தார்கள். இதைச் சொல்லாமல் அந்த நாட்களைப் பற்றி எழுதினால் சரியாக இருக்காது.

கிணறு

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறேன்.

எங்களுடையது 50 அடிக் கிணறு. நான் அதில்தான் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் பழகினேன். என் மகன் பழகவில்லை. அவனுக்குப் பத்து வயசு ஆனபோது, 1990-களின் நடுவில், கிணற்றுத் தண்ணி நிறம் மாறி உப்பேறிவிட்டது. இறங்கினால் உடம்பு அரித்தது. நொய்யலில் போன சாயத்தண்ணி நிலத்துக்குள்ளும் இறங்கியிருந்தது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டின ஒரத்துப்பாளையம் அணையே கழிவு தேங்கும் தொட்டியான கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் சிம்லாவுக்கும் அந்தமானுக்கும் போனது இந்த வருசங்களில்தான். இங்கே ஆறும் கிணறும் பிள்ளைகளுக்குக் காட்டும்படி இல்லை. அதனால்தான் தண்ணியைப் பார்க்க ஆயிரம் மைல் போனோம் என்று இப்போது தோன்றுகிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்றானது. நொய்யல் விவசாயிகள் வருசக்கணக்கில் நீதிமன்றப் படியேறி வாங்கின தீர்ப்பு அது.

2016-ல் ஓய்வு பெற்று நான் தோட்டத்துக்கு வந்தேன். சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டேன். கிணற்றுக்கு மேல்பக்கம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினேன். பலதானியம் விதைத்துப் பூ எடுக்கும்போது மடக்கி உழுதேன். மூடாக்குப் போட்டேன். மழைத்தண்ணி இறங்க இறங்க, தண்ணிப் பரிசோதனையில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முழுசாகப் போய்விடவில்லை. இன்றைக்கும் சமையலுக்கு ஆகாது. ஆனால் குளிக்கலாம், அரிப்பு இல்லை.

அந்த ஏப்ரலில் கிணற்றில் 15 அடித் தண்ணி இருந்தது. காலி பிளாஸ்டிக் கேனை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டுப் பேரனை இறக்கினேன். நான் தண்ணிக்குள்ளே, மேலே கயிற்றைப் பிடித்தபடி மகன். ஒரு வாரத்தில் பையன் கேன் இல்லாமல் கை வீசினான். அன்றைக்கு மகன் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்ப்பா, எனக்கும் சொல்லிக் குடுக்கறீங்களா?”

அவனுக்கு 34 வயசு, எனக்கு 63. அதே கேனை அவன் முதுகில் கட்டினேன். பேத்தி மேட்டில் நின்று கைகொட்டிச் சிரித்தாள்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஊரடங்குக்கு ஒரு மாசம் முன்னால், பிப்ரவரியில், மகன் ஒரு புரோக்கரைக் கூட்டி வந்திருந்தான். ரோட்டோர இரண்டு ஏக்கரைச் சைட் பிரித்து விற்கலாம் என்று பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. அவனுக்கும் கடன் இருந்தது, தப்புச் சொல்ல முடியாது. நீச்சல் பழகின அன்றைக்குச் சாயங்காலம் கிணற்று மேட்டில் அவன் கேட்டது வேறு:

“இந்தத் தண்ணி தெளிய எத்தனை வருசமாச்சுங்?”

“இன்னும் தெளிஞ்சு முடியலை கண்ணு” என்றேன். அதற்குமேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு

மே மாதம் கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. மகன் தோட்டத்திலிருந்தே வேலைக்குப் போய்வந்தான். பள்ளிக்கூடம் திறக்காததால் பிள்ளைகள் எங்களோடு. ஆனி மாசம் போட்டி போட்டு வேப்பம்பழம் பொறுக்கினார்கள். கழுவிக் காய வைத்தபோது 18 கிலோ கொட்டை தேறியது. 5 கிலோ கொட்டையை இடித்து ஒரு ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கித் தெளிப்போம். அந்த வருசம் கடையில் கொட்டை வாங்கவில்லை.

கெடுபிடி தளர்ந்ததும் விடியக்காலையில் சாமளாபுரம் குளக்கரைக்குப் போனோம். கூழைக்கடாவும் நீர்க்காகமும் நாமக்கோழியும் கண்டு பேத்தியின் நோட்டில் பறவைக்கெனத் தனிப்பக்கம் பிறந்தது. திருப்பூருக்கு வடபுறம் உள்ள நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து பார்க்கிறார்கள். நாம் அந்த வழியில் எத்தனை தடவை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போயிருப்போம்!

என் மகன் விவசாயி ஆகிவிடவில்லை. இன்றைக்கும் பனியன் கம்பெனிதான், டவுனில்தான் வீடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு பேரும் கிணற்றில் இருப்பார்கள். புரோக்கர் இரண்டு தடவை போன் செய்தார். மகனே பேசி வைத்துவிட்டான். எனக்குப் பின்னால் என்ன ஆகும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் விற்பதா வைப்பதா என்று அவன் கணக்குப் போடும்போது, அந்தக் கணக்கில் கிணறும் இருக்கும்.

நாம் மகசூல் பேசுகிறோம், விலை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அதோடு நம் பிள்ளைகள் வந்து இருக்க ஆசைப்படும் இடமாகவும் தோட்டம் இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. உயிர்வேலியை அழிக்காதீர்கள், ஓரமாக ஒரு நடைபாதை விடுங்கள். நாலு பனையை நிறுத்தி வையுங்கள். கிணற்றுப் படியைச் சரி செய்யுங்கள். நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் பிள்ளைகளை மட்டும் இறக்காதீர்கள். அடுத்த லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முதலில் வேலியைச் சுற்றிக் காட்டுங்கள்.